சைதாப்பேட்டை முதல் எழும்பூர் வரை

"அப்படியானால் கங்காவின் அம்மா செய்தது சரி என்கிறீர்களா?"

பல்லாவரத்தில் ரயில் ஏறிய டீச்சர், பையை மடியில் வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார். முந்தின நாள் அவர் எழும்பூரில் இறங்கியபோது பாதியில் நின்ற பேச்சு அது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் வாயெடுக்கும் முன், எதிர் இருக்கையில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, "என்ன செய்தாள் அந்த அம்மா?" என்று கேட்டார்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். மழை நாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்ட ஒரு கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள். ஒரு கதையில் அவளுடைய அம்மா மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அங்கேயே புதைத்துவிடுகிறாள். இன்னொன்றில் அதே அம்மா கூச்சலிட்டு நாலு பேருக்குத் தெரியும்படி செய்துவிடுகிறாள். பெண்ணின் வாழ்க்கையே வேறு பாதையில் போய்விடுகிறது. "கூச்சல் போட்ட அம்மாதான் உசத்தி என்கிறார் இவர்" என்று என்னைக் காட்டினார்.

"உசத்தி என்று சொல்லவில்லை டீச்சர். உண்மை என்று சொன்னேன்."

கீரைக்கூடைப் பெண்மணி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கத்தக்கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். பெற்ற வயிறு கேட்டிருக்காது" என்றார். மாம்பலத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சேத்துப்பட்டு வரை டீச்சர் பேசவே இல்லை.

இது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வாசகர்கள் போட்ட சண்டையிலிருந்து ஒரு நாவலே பிறந்த வரலாறு அந்தக் கதைக்கு உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றியதை ஏற்க முடியாத வாசகர்கள் கொதித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அவள் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இடத்திலிருந்து அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அந்த நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் வருகிறார். அந்தச் சிறுகதையை எழுதியவர் அவர்தான். நாவலின் நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். கதைக்கும் நாவலுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று எங்களுக்குள் தகராறு வந்தபோது, டீச்சர் பள்ளி முடிந்த கையோடு கன்னிமாரா நூலகத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1896-இல் திறந்த நூலகம் அது. "நாலு வருஷம். 1970-இல் நாவல்" என்று மறுநாள் அவர் சொன்னபோது, அதை ஒரு பரிசைப் போலத்தான் சொன்னார்.

அந்த நாவலை நான் இன்றும் பெரிதாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதியவர் வாசகருக்குப் பணிந்து கதையைத் திருத்தவில்லை. வாயை மூடுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் காட்டிய வழியிலேயே போய், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எழுதிக் காட்டினார். வாசகனுடைய கோபத்துக்கு இதைவிட மரியாதையான பதில் எனக்குத் தெரியாது.

*

1993-இல் ராஜாஜி சாலையில் வேலை கிடைத்தபோது நான் குரோம்பேட்டையில் குடியிருந்தேன். காலை எட்டு இருபது வண்டி, பெண்கள் பெட்டி, கடற்கரை வரை. தாம்பரம் கடற்கரைத் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நான் ஏறத் தொடங்கிய காலத்தில் அது இன்னும் மீட்டர் கேஜ்தான். பெட்டி குறுகலாக இருக்கும், எதிரெதிர் இருக்கைகளில் முழங்கால்கள் இடிக்கும். ஒருவர் கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டை மற்றவர் கண்ணில் படாமல் போகாது. எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. டீச்சர் என் அட்டையைப் பார்த்து, "இதை எப்படி முடிக்கப் போகிறீர்கள்?" என்றார். ஏன் என்று கேட்டேன். அன்று முதல் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பல்லாவரம் டீச்சர் எழும்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சைதாப்பேட்டையில் ஏறுகிறவர் அக்கா. ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தர், பார்க் நிலையத்தில் இறங்குவார். ஆக நாங்கள் மூவரும் சேர்ந்திருப்பது சைதாப்பேட்டைக்கும் எழும்பூருக்கும் நடுவே மட்டும். மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு. இருபது நிமிடம்கூட வராது. அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். எழுத்தாளருடைய பிறந்த ஊர், பெற்ற விருது, அவர் யாரோடு பேசமாட்டார் என்பதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. இலக்கியக் கூட்டங்களில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எனக்குக் கிடைக்காதது அந்த நான்கு நிலையங்களில் கிடைத்திருக்கிறது.

எங்களிடம் ஒரே ஒரு விதி இருந்தது. அதை வைத்தவர் டீச்சர். "பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் பக்கத்தைக் காட்ட வேண்டும்." அதனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவோம். இந்த இடத்தில் இவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள், இந்த வரி எதற்கு, இதற்கு முந்தின அத்தியாயத்தில் சொன்னதோடு இது ஒட்டவில்லையே. பக்கத்தைத் திறந்துவிட்டால் குரல் தானாகத் தணிந்துவிடும். மூன்று தலைகள் ஒரு தாளின் மேல் குனியும்போது ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள முடியாது.

*

அக்கா படித்ததெல்லாம் லெண்டிங் லைப்ரரி புத்தகங்கள். விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, வாரத்துக்கு மூன்று நாவல்கள். ரமணிசந்திரன், லக்ஷ்மி, சிவசங்கரி, அனுராதா ரமணன். அவருடைய கைப்பையில் டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே எப்போதும் ஒன்று இருக்கும். பழுப்புக் காகித அட்டை, உள்ளே தேதி முத்திரைகள் நிறைந்த சீட்டு.

1998 என்று நினைவு. ஒரு சனிக்கிழமை மாலை நாவல் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். எந்த அரங்கம், பேசியவர் யார் என்பது இங்கே வேண்டாம். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். அக்கா எழுந்து, தான் விரும்பிப் படிக்கும் நாவலாசிரியை ஒருவர் பெயரைச் சொல்லி, "அவர் எழுதுவதில் உங்களுக்குக் குறையாகத் தெரிவது என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்தில் அன்று கேட்கப்பட்டவற்றில் அது ஒன்றுதான் கேள்வியாகவும் இருந்தது. மேடையில் இருந்தவர் சிரித்தார். "லெண்டிங் லைப்ரரிகளை மூடினால்தான் தமிழில் வாசகர்கள் உருவாவார்கள்" என்றார். அரங்கமே சிரித்தது. அக்கா உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முடியும்வரை எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்றுவரை அது எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சாளருக்கு அந்த நாவலாசிரியையின் ஒரு பக்கமாவது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தால் அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வது எளிது. சொல்லத் தெரியாததால் அக்காவின் மேல் முத்திரை குத்தினார். அதே ஆண்டுகளில் துப்பறியும் பாக்கெட் நாவலைக் கடையில் வாங்கிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு போன ஆண்களை எந்த மேடையும் இப்படிக் கேலி செய்து நான் பார்த்ததில்லை. சாண்டில்யனின் நாவல்களை வருஷா வருஷம் திரும்பப் படிக்கிறவர்களை ரசிகர்கள் என்றார்கள். சமையலை முடித்துவிட்டுக் குடும்ப நாவல் படிக்கிறவள் மட்டும் எப்படியோ இலக்கியத்தைக் கெடுப்பவள் ஆகிவிட்டாள்.

திங்கட்கிழமை வண்டியில் டீச்சரிடம் சொன்னோம். அவர் உடனே மணிமேகலைக்குப் போய்விட்டார். விழாவறை காதையில் முரசறைகிறவன், பட்டிமண்டபம் ஏறுகிற வாதிகளுக்கு ஒன்று சொல்கிறான்: பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் சினமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள். "பகைவரோடு என்கிறது காப்பியம். கேள்வி கேட்டவள் பகைவர்கூட இல்லையே" என்றார். அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நீயும் அப்படித்தானே நினைக்கிறாய்?" என்றார்.

நினைத்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் படிப்பதில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். அவர் தருவதை நான் படிக்க வேண்டும், நான் தருவதை அவர் படிக்க வேண்டும்.

அவர் ரமணிசந்திரன் நாவல் ஒன்றைக் கொடுத்தார். ஒரே இரவில் முடித்தேன். கதை ஓட்டத்தில் தடங்கலே இல்லை, வீடும் விருந்தும் உடையும் கண்முன்னே நின்றன. ஆனால் நாயகியின் மனத்தில் எழும் ஒவ்வொரு சந்தேகமும் அடுத்த அத்தியாயத்திலேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது. எனக்கென்று யோசிக்க எதுவும் மிச்சமில்லை. பக்கங்களைக் குறித்துவைத்து அக்காவிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்வது சரி. நான் காலை முதல் மாலை வரை என்ன எழுதுகிறேன் தெரியுமா? டிஸ்சார்ஜ், மரணம். இரண்டே பத்தி. ஒரு நாளில் எத்தனை பேருடைய முடிவை எழுதுகிறேன். ராத்திரி படிப்பதிலாவது முடிவு நல்லபடியாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன்."

அந்த நாவல்களைப் பற்றிய என் கருத்து மாறிவிடவில்லை. அவை வாசகரைத் தாங்கிப் பிடிக்கின்றன, ஆனால் நடக்க விடுவதில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் தாங்கிப் பிடிப்பது சிறிய வேலை என்று சொல்லும் துணிவு அன்றோடு போய்விட்டது.

*

நான் கொடுத்தது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966-இல் வந்த நாவல். காவிரிக்கரை வேத பாடசாலையில் படிப்பை முடித்த அப்பு சென்னையில் இருக்கும் தன் வீட்டுக்கு வருகிறான். அங்கே அம்மா அலங்காரத்தின் வாழ்க்கையில் இன்னொருவர் இருப்பதை அறிகிறான். தன் பாவத்துக்குப் பரிகாரமாகவே அவள் இவனை வேதம் படிக்க அனுப்பினாள் என்பதும் புரிகிறது. எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்த நாவல் கையில் கிடைத்தது. அலங்காரத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம்தான் நாவலின் வெற்றி என்று பிறகு பல கட்டுரைகளில் படித்து அப்படியே நம்பியும் இருந்தேன்.

அக்கா மூன்று இரவில் முடித்துவிட்டு வந்தார். சைதாப்பேட்டையில் ஏறியவர் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"இந்த வீட்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கவனித்தாயா? அந்த அப்பா தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்கவில்லை. அப்புவும் கேட்கமாட்டான். நான் படிக்கிற நாவல்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். கேட்டதும் அழுவார்கள், அழுததும் கதை முடிந்துவிடும். இதில் கேட்காததால் முடியவே மாட்டேன் என்கிறது. புத்தகத்தை மூடிய பிறகும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். அந்த நாவலைப் பற்றி நான் படித்திருந்த கட்டுரைகள் எல்லாமே அலங்காரம் நல்லவளா கெட்டவளா என்பதையே சுற்றிவந்தன. அந்த வீட்டின் மௌனத்தில் விரல் வைத்தவர் அக்கா. அதுவும் எப்படி? தான் படித்த நூற்றுக்கணக்கான குடும்ப நாவல்கள் எப்படி முடிகின்றன என்பது தெரிந்திருந்ததால்தான் இது ஏன் முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. எந்த வாசிப்பை அந்த மேடை ஏளனம் செய்ததோ அதிலிருந்தே அவருடைய அளவுகோல் வந்தது.

அன்றிரவு நாவலைத் திரும்ப எடுத்தேன். தண்டபாணி வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். இருபத்திரண்டு வயதில் அந்த மனிதர் என் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை.

*

ரசனையா அலசலா என்ற பழைய சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை அந்த வண்டிதான் எனக்குத் தீர்த்துவைத்தது. விமர்சகர்களான க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் 1912-இல் பிறந்தவர்கள், நண்பர்கள். செல்லப்பா 1959-இல் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் க.நா.சு.வும் எழுதினார். ஆனால் விமர்சனம் என்றால் என்ன என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தேர்ந்த ரசனையை வளர்த்துக்கொண்டவனுக்கு நல்லது எது என்று தெரியும், அவன் அதை அடையாளம் காட்டினால் போதும் என்ற பக்கம் க.நா.சு. நின்றார். 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்தே ஒரு நூல் எழுதினார். காட்டினால் மட்டும் போதாது, படைப்பைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும் என்றார் செல்லப்பா. அலசல் விமர்சனம் என்பது அவர் வழி.

நான் க.நா.சு.வின் சிபாரிசுகளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். அவர் இல்லாவிட்டால் பாதிப் புத்தகங்கள் என் கைக்கு வந்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் ஒரு நல்ல பட்டியல், அது எத்தனை நேர்மையாக இருந்தாலும், வாசலில் ஆளை நிறுத்திவிடுகிறது. ஏன் என்று கேட்கிறவளுக்கு அதில் பதில் இல்லை. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கும் அந்தச் சுமைக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒரு மாணவன் எதிரே நின்று இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டிருப்பான். அவனிடம் சிரித்துவிட்டு நகர முடியாது.

டீச்சர் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் ரசிகமணி டி.கே.சி.யின் பக்தை. கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியவர் டி.கே.சி. ஓலையோ பாடபேதமோ அல்ல, அவருடைய செவிதான் தராசு. "நல்ல காது போதும்" என்பார் டீச்சர். ஒருமுறை அக்கா கேட்டார்: "காது போதும் என்றால் என் காதும் காதுதானே டீச்சர்?" டீச்சர் யோசித்தார். பிறகு கோடம்பாக்கத்தில் வண்டி நின்றிருந்த நேரத்தில் கம்பனின் இரண்டு பாடல்களைத் தாழ்ந்த குரலில் சொல்லி, "இதில் எது கம்பன்?" என்று கேட்டார். அக்கா இரண்டாவதைச் சொன்னார். டீச்சருடைய முகம் மலர்ந்தது. டி.கே.சி. தேர்ந்தெடுத்ததும் அதுவேதான். ஆனால் அக்கா விடவில்லை. "எனக்கு ஏன் அது பிடித்தது என்று இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்." அந்தக் காலையில் டீச்சர் எழும்பூரில் இறங்கவில்லை. பார்க் வரை வந்து, அங்கிருந்து திரும்பிப் போனார்.

*

டீச்சர் 2013-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டுவாக்கில் கிண்டியில் ஒரு இளம்பெண் ஏறத் தொடங்கினாள். கையில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. நாவல் 2010-இல் வந்தது. அதை எதிர்த்துப் போராட்டம் கிளம்பி, இனி எழுதப் போவதில்லை என்று அவர் அறிவிக்கும் அளவுக்கு 2015 ஜனவரியில் நிலைமை முற்றியபோது எங்கள் பேச்சு முழுவதும் அதுதான். அக்காவுக்கு அந்த நாவல் பிடிக்கவில்லை. பிள்ளையில்லாதவளின் துக்கத்தைச் சொல்ல, பிள்ளைக்காக அவள் முன்பின் தெரியாத ஒருவனை நாடிப் போகும் அந்தத் திருவிழா இரவு தேவையில்லை என்பது அவர் கட்சி. கிண்டிப் பெண் பொன்னா என்ற பாத்திரத்துக்காகக் கடைசி வரை வாதாடினாள். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகக் காட்டிக்கொண்டார்கள். ஒத்துப்போகவே இல்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டை நிலையத்தைத் தாண்டி நான் இறங்கும் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான். புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கி எறியுங்கள், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்றது தீர்ப்பு. எழுத்தாளர் மறுபடி எழுத வேண்டும் என்றும் சொன்னது. மறுநாள் கிண்டிப் பெண் செய்தித்தாளோடு வந்து அந்த வரியை உரக்கப் படித்தாள். நான் கைதட்டினேன்.

அக்காவும் சந்தோஷப்பட்டார். தனக்குப் பிடிக்காத நாவலுக்காகச் சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார்: "நீதிமன்றம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. ஆனால் நமக்கு அது போதாது. தூக்கி எறிவதற்கு முன்னால் யாரிடமாவது ஏன் என்று சொல்ல வேண்டுமே. சொல்லும்போதுதானே நமக்கே தெரிகிறது."

*

அக்கா 2018-இல் ஓய்வு பெற்ற அன்று என்னிடம் ஒரு கனத்த பைண்டு புத்தகத்தைக் கொடுத்தார். அவருடைய அம்மா கல்கி இதழ்களிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வந்த தொடரில் பிற்பகுதி. மணியத்தின் ஓவியங்கள், பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரங்கள், தொட்டால் உதிரும் ஓரங்கள். கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் மாண்டு கிடக்கும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: 'நந்தினி இல்லை.' அது அம்மாவின் கையெழுத்து. அதற்குக் கீழே நீல மையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டை எழுத்தில்: 'அப்படியானால் யார்?'

அம்மாவும் மகளும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லையாம். "அப்பாவுக்கு நாங்கள் கதை படிப்பது பிடிக்காது. அதனால் ஓரத்தில் எழுதிக்கொள்வோம்" என்றார்.

2022 செப்டம்பர் கடைசியில் படம் வந்தபோது பெண்கள் பெட்டி முழுவதும் நந்தினிதான். கல்லூரிப் பெண்கள் ஐந்து பாகங்களையும் மின்னூலாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். புத்தகக் கண்காட்சியில் எந்தப் பதிப்பகத்தின் கடைக்குப் போனாலும் அதன் அடுக்குகள்தான். கொலையாளி யார் என்று கிண்டிப் பெண் என்னிடம் கேட்டாள். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதே என்றேன். "அது சரித்திரம் அக்கா. நான் நாவலைக் கேட்கிறேன்" என்றாள். அந்தப் பதிலுக்காகவே பைண்டு புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மாம்பலத்தில் இறங்கிப் போன பிறகு திறந்து பார்த்தேன். பழைய தாளில் எழுதக் கை வரவில்லை போலும். கடம்பூர்ப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். 'பாட்டி சொன்னது சரி. ஆனால் ரவிதாசனும் இல்லை. மூன்று பக்கம் தள்ளி விளக்கு அணையும் இடத்தைப் பாருங்கள்.'

கடற்கரையில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"கல்வெட்டே சொல்கிறதே!" என்றார். பிறகு, "இரு, எந்தப் பக்கம் என்றாள்?"

"விளக்கு அணையும் இடம்."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அவளை சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வா" என்றார் அக்கா. "புத்தகத்தையும் எடுத்து வா."